கேம் கேசட்டிலிருந்து ஒலிம்பிக் மைதானம் வரை



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் 40 நிமிடம் பொறுமையாக உட்கார்ந்த பிள்ளைகள்தானே, இதையும் படித்துவிடுவீர்கள்.

2021 ஜூலை 23 அன்று டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழா நடந்தது. கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப்போய், பார்வையாளர் இல்லாத காலி மைதானத்தில் நடந்த விழா. மேரி கோமும் மன்பிரீத் சிங்கும் நம் தேசியக் கொடியை ஏந்தி வந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்த அணிவகுப்பின்போது பின்னால் ஒலித்த இசையை யாராவது கவனித்தீர்களா? கொம்பும் முரசுமாக அவ்வளவு கம்பீரம். ஜப்பான் ராணுவத்தின் பழைய அணிவகுப்பு இசை என்று சொன்னால் நம்பிவிடலாம். ஆனால் அவை வீடியோ கேம் இசை. நாடுகளின் அணிகள் உள்ளே வரத் தொடங்கியபோது முதலில் ஒலித்தது, 'டிராகன் குவெஸ்ட்' என்ற விளையாட்டின் தொடக்க இசை. அந்த விளையாட்டு வெளிவந்தது 1986 மே 27. பிள்ளைகள் டிவியில் மாட்டி ஆடும் ஒரு கேசட்டில் பிறந்த மெட்டு, 35 ஆண்டில் உலகமே பார்க்கும் மைதானத்துக்கு வந்துவிட்டது.

இந்தச் செய்தியை எனக்குச் சொன்னது என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பிள்ளை. இப்போது சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. "டீச்சர், கேம் ஆடுறாங்கன்னு பசங்களைத் திட்டி ஒரு பதிவு போட்டீங்களே, இதையும் கொஞ்சம் கேட்டுப் பாருங்க" என்று நம் குரூப்பில் அந்த இசையை அனுப்பினான். கேட்டேன். பேத்தியின் உதவியோடு மற்ற மெட்டுகளையும் தேடிக் கேட்டேன். ஒரு மாதமாக வீட்டில் இதுதான் ஓடுகிறது. கேம் நேரத்துக்கு அளவு வேண்டும் என்று சொன்னதில் மாற்றமில்லை, அது தனி. இன்று இசையின் வரலாற்றை மட்டும் பார்ப்போம்.

முதலில் அது என்ன மாதிரி விளையாட்டு? 90-களில் நம் பக்கம் 'டிவி கேம்' வந்தபோது மாரியோ, கான்ட்ரா ஆடியவர்கள் உங்களில் நிறைய பேர். அதில் ஓடணும், குதிக்கணும், சுடணும். டிராகன் குவெஸ்ட் வேறு வகை. 'ரோல் பிளேயிங்' என்பார்கள். நம் மொழியில் சொன்னால் வேஷம் கட்டி ஆடுவது. ஆடுகிற பிள்ளை ஒரு வீரனாக வேஷம் கட்டிக்கொள்கிறது. அரசனைப் பார்க்கிறது, ஊர் ஊராகப் போகிறது, வழியில் கண்டவரிடம் பேச்சுக் கொடுத்துத் தகவல் சேகரிக்கிறது, குகைக்குள் இறங்குகிறது, அரக்கர்களோடு சண்டை போடுகிறது. ஒரே நாளில் முடியாது. வாரக்கணக்கில் ஆடவேண்டும். கதையை அமைத்தவர் யூஜி ஹோரி. படம் வரைந்தவர் அகிரா தொரியாமா. 'டிராகன் பால்' பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அவரைத் தெரிந்திருக்கும். இசை அமைத்தவர் கோயிச்சி சுகியாமா.

இந்த சுகியாமாவின் கதை ஆசிரியர்களுக்குப் பிடிக்கும் கதை. 1931-இல் பிறந்தவர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கல்வித் துறையில் படித்தார். இசைக் கல்லூரிக்குப் போனதில்லை. ஃபூஜி டிவியில் பாட்டு நிகழ்ச்சிகளின் இயக்குநராக இருந்து, பிறகு வேலையை விட்டு முழுநேரமாக மெட்டமைத்தார். சினிமா, விளம்பரம், மேடைப் பாட்டு என்று எல்லாவற்றிலும் பேர் வாங்கியவர். விளையாட்டுப் பைத்தியமும் உண்டு. எனிக்ஸ் என்ற கம்பெனி வெளியிட்ட ஷோகி விளையாட்டை (ஜப்பானியச் சதுரங்கம்) கம்ப்யூட்டரில் ஆடிப் பார்த்துவிட்டு, அதோடு வந்த கருத்துக் கேட்பு அட்டையில் தன் விமர்சனத்தை எழுதினார். அட்டையைப் பார்த்த கம்பெனிக்காரர்கள், இது அந்தப் பிரபல இசையமைப்பாளர்தானா என்று தொடர்புகொண்டார்கள். அப்படித்தான் இந்த வாய்ப்பு வந்தது. டிராகன் குவெஸ்ட் வெளியானபோது அவருக்கு வயது 55. அந்தக் காலத்தில் நம் அரசுப் பணியில் ஓய்வுக்கு மூன்று வருடம் பாக்கி இருக்கிற வயது! அவர் அப்போதுதான் புது வேலையைத் தொடங்கினார்.

அவருக்குக் கிடைத்த வாத்தியம் என்ன? இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

நின்டெண்டோ கம்பெனி 1983-இல் வெளியிட்ட 'ஃபேமிகாம்' என்ற பெட்டியில்தான் இந்த விளையாட்டு ஓடியது. அந்தப் பெட்டிக்குள் ஓசை எழுப்ப ஐந்து வழிகள் இருந்தன. இரண்டு, சீவாளி வைத்த குழல்போல் கீச்சென்று ஒலிப்பவை. ஒன்று, புல்லாங்குழல்போல் மெத்தென்று கீழ் ஸ்வரம் ஒலிப்பது. நான்காவது, மழை இரைச்சல் போன்ற 'உஸ்' சத்தம். அதை வெட்டி வெட்டிக் கொடுத்தால் தாளம். ஐந்தாவது, பதிவு செய்த சின்ன ஓசைத் துண்டுகளுக்கு. ஆக, மெட்டுக்கு மிஞ்சுவது மூன்றே குரல். ஒவ்வொரு குரலிலும் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும். அதிலும் சண்டையில் வாள் வீசும் சத்தம் வந்தால் அதற்காக ஒரு குரல் இசையை விட்டுவிட்டு ஓடிவிடும். மிச்சம் இருப்பதை வைத்து மெட்டு உடையாமல் நிற்கவேண்டும்.

இடமும் இல்லை. கதை, படம், எழுத்து, இசை எல்லாம் சேர்த்து அந்தக் கேசட்டின் மொத்தக் கொள்ளளவு 64 கிலோபைட். நீங்கள் தினமும் விடிந்ததும் எனக்கு அனுப்புகிற 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூ படம் ஒன்று அதைவிடப் பெரியது.

இவ்வளவு நெருக்கடியில் ஒரு மனிதர் என்ன செய்யமுடியும்? நூறு வயலின் கிடையாது, பாடகர் கிடையாது, குரலின் குழைவு கிடையாது. மெட்டு ஒன்றுதான் கையில். சுகியாமா மெட்டையே நம்பினார். அரண்மனைக்கு ஐரோப்பிய அரசவைகளின் பழைய பாணியில், இரண்டு குரல் ஒன்றையொன்று துரத்துவதுபோல் ஓர் இசை. ஊருக்கு இதமான ஓர் இசை. வெட்டவெளியில் நடக்கும்போது தனிமை தெரிகிற ஓர் இசை. முதல் விளையாட்டில் வீரனுக்குத் துணை யாரும் கிடையாது, ஒற்றை ஆளாகத்தான் நடக்கிறான். அந்த மெட்டைக் கேட்டால் அது புரியும். சண்டைக்குப் பதற்றமான ஒன்று. குகைக்கு ஒன்று. குகையில் ஒரு நுட்பம் செய்தார். மெட்டு ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு தளமாகக் கீழே இறங்க இறங்க, அதே மெட்டு சுருதி இறங்கி, வேகமும் குறைந்து ஒலிக்கும். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்று ஆடுகிறவன் காதுக்குத் தெரிந்துவிடும். புதிதாக ஒரு ஸ்வரம்கூடச் சேர்க்காமல் பயத்தைச் சேர்த்துவிட்டார்.

இன்னொரு சிக்கல் உண்டு. சினிமாவில் ஒரு காட்சி எத்தனை நிமிடம் என்று இசையமைப்பாளருக்குத் தெரியும். இங்கே தெரியாது. ஒரு பிள்ளை ஊரில் இரண்டு நிமிடம் நிற்கலாம், இரண்டு மணி நேரமும் சுற்றலாம். அதுவரை மெட்டு முடிந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கி ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். நூறாவது முறை கேட்டாலும் சலிக்கக்கூடாது. எங்கே முடிந்து எங்கே தொடங்கியது என்றும் தெரியக்கூடாது.

இதைப் படித்தபோது எனக்கு நம் தெருக்கூத்து நினைவுக்கு வந்தது. திண்டிவனம், செஞ்சி, வானூர் பக்கத்தில் பிறந்த யாருக்கும் வரும். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய பாரதக் கூத்து. பின்னால் பெஞ்சில் மேளக்காரர்கள்: ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், முகவீணை. முகவீணை தெரியாத இளம்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: பேரில் வீணை இருந்தாலும் அது ஊதுகிற கருவி. நாகசுரத்தின் தம்பி மாதிரி சின்னதாக, கீச்சுக் குரலில், எட்டு வயலுக்கு அப்பாலும் கேட்கும். திரைக்குப் பின்னால் வேஷக்காரர் வந்து நின்றதும், யார் வருகிறார் என்பதைத் திரை விலகுமுன்பே மெட்டும் தாளமும் சொல்லிவிடும். துரியோதனன் வருகிற நடை வேறு, அர்ச்சுனன் தபசுக்குப் போகிற மெட்டு வேறு, துகிலுரிதலில் அழுகிற மெட்டு வேறு. வேஷக்காரர் எவ்வளவு நேரம் சுற்றி ஆடுவார் என்று மேளக்காரருக்கு முன்கூட்டித் தெரியாது. அவர் ஆடி முடித்து அடியெடுக்கும்வரை பின்பாட்டுக்காரர்கள் அதே அடியைத் திருப்பித் திருப்பிப் பாடுவார்கள். மூன்று நான்கு வாத்தியம், ஆளுக்கொரு மெட்டு, சலிக்காத திருப்பம், பொழுது விடியும் வரைக்கும் கதை. ஃபேமிகாம் பெட்டிக்குள் சுகியாமாவுக்கு வந்த கேள்விகளுக்கு, நம் கூத்து மேடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் தொடர்பு ஒன்றும் கிடையாது. வேஷம் கட்டி ஆடுகிற கதைக்கு இசை கட்டினால், எந்த நாட்டிலும் அது இப்படித்தான் அமையும் போலிருக்கிறது.

அதே 1986-இல் நம் சென்னையில் என்ன நடந்தது தெரியுமா? அந்த வருடம் நவம்பர் 1, தீபாவளியன்று கே. பாலசந்தரின் 'புன்னகை மன்னன்' வந்தது. இளையராஜா அதில் கம்ப்யூட்டர் துணையோடு இசை அமைத்தார். பயன்பட்ட கருவி யமஹாவின் சி.எக்ஸ்.5.எம் என்ற ஜப்பானிய இசைக் கம்ப்யூட்டர். அவர் குழுவில் அப்போது கீபோர்டு வாசித்த திலீப் என்ற இளைஞர் அந்தப் பணியில் இருந்தார். அவர்தான் பின்னாளில் 'ரோஜா'வுக்கு இசையமைத்த ஏ.ஆர். ரகுமான். அந்த யமஹா கருவி, ஜப்பானில் வீட்டுக்கு வீடு விற்ற 'எம்.எஸ்.எக்ஸ்' வகைக் கம்ப்யூட்டர்களில் ஒன்று. டிராகன் குவெஸ்ட் ஃபேமிகாமுக்கு வந்த அதே 1986-இல் எம்.எஸ்.எக்ஸ் கம்ப்யூட்டர்களுக்கும் வந்தது. ஒரே குடும்பத்து இயந்திரம் அங்கே பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டியது, இங்கே தமிழ்ப் பாட்டுக்குத் தாளம் போட்டது! புன்னகை மன்னன் பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் 'கேம் மியூசிக்' என்று முகம் சுளிக்கவேண்டியதில்லை.

சரி, பிறகு அந்த விளையாட்டு இசைக்கு என்ன ஆயிற்று?

முதல் விளையாட்டு வந்த 15 மாதத்தில், 1987 ஆகஸ்ட் 20 அன்று டோக்கியோவின் சன்டோரி அரங்கில் இந்த மெட்டுகளை நிஜ வயலின்களோடு கச்சேரியாக வாசித்தார்கள். அங்கே முதல்தரமான கச்சேரி அரங்கு அது. குடும்பத்தோடு பிள்ளைகள் வந்து கேட்டார்கள். 1988 பிப்ரவரி 10, புதன்கிழமை, மூன்றாவது விளையாட்டு வெளிவந்தது. பள்ளிக்கூட நாள்! கடை வாசலில் விடியற்காலையிலிருந்து வரிசை. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வரிசையில் நின்ற மாணவர்களைப் போலீஸ் பிடித்து எச்சரித்தது என்று செய்தி வந்தது. (சிரிக்காதீர்கள். இதைப் படிப்பவர்களில் மட்டம் போட்டவர்கள் பட்டியல் என்னிடம் இன்றும் உண்டு.) பின்னாளில் லண்டன் பில்ஹார்மானிக் இசைக்குழுவே இந்த மெட்டுகளை வாசித்துப் பதிவு செய்தது.

இதே வழியில் இன்னொருவரும் வந்தார். நோபுவோ உவேமட்சு, 1959-இல் பிறந்தவர். யாரிடமும் இசை படிக்காமல் தானாகவே கற்றுக்கொண்டவர். 1987 டிசம்பரில் வந்த 'ஃபைனல் ஃபேண்டஸி' விளையாட்டுக்கு, அதே மூன்று குரல் பெட்டிக்கு அவர் இசை அமைத்தார். அந்த வரிசையின் நான்காவது விளையாட்டு 1991-இல் வந்தது. அதில் வருகிற ஒரு காதல் மெட்டை ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இசைப் பாடத்தில் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு தலைமுறையைப் பள்ளிக்கு மட்டம் போடவைத்த விளையாட்டு வகை, அடுத்த தலைமுறைக்குப் பள்ளிப் பாடத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

இது எப்படி நடந்தது என்று யோசித்தேன். இசை நன்றாக இருந்தது மட்டும் காரணமில்லை. உலகத்தில் நன்றாக இருந்து காணாமல்போன இசை எவ்வளவோ உண்டு. சுகியாமா மெட்டுகளை ஸ்வரத்தாளில் எழுதியிருந்தார். பெட்டி பழசானாலும், டிவி மாறினாலும், கேசட் துருப்பிடித்தாலும் தாள் இருந்தது. தாளைப் பிரித்து வைத்து யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். லண்டன்காரர் ஃபேமிகாமைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்கவேண்டாம்.

இந்த விளையாட்டிலேயே எழுதிவைக்கும் பழக்கம் ஒன்று இருந்தது. முதல் டிராகன் குவெஸ்டில், விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடர வேண்டுமானால், திரையில் காட்டுகிற 20 எழுத்து மந்திரத்தை நோட்டில் எழுதிக்கொள்ளவேண்டும். மறுநாள் அதை அப்படியே கொடுக்கவேண்டும். ஒரு எழுத்து தப்பினாலும் கதவு திறக்காது. இரண்டாவது விளையாட்டில் அந்த மந்திரம் 52 எழுத்து வரை நீண்டது. நான் 'சொல்வதை எழுதுதல்' நடத்தியபோது முனகிய பிள்ளைகளே, அங்கே யாரும் சொல்லாமலேயே பிள்ளைகள் பிழையில்லாமல் எழுதினார்கள். எழுதாவிட்டால் பட்ட பாடெல்லாம் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன்.

என்னிடம் படித்த ஒருவரின் அப்பா கூத்து மேளத்தில் முகவீணை வாசித்தவர். ஊர் பேர் வேண்டாம், பலருக்குத் தெரியும். எங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் ஒருமுறை அவர் பத்து நிமிடம் வாசித்தார், சத்துணவுக் கூடத்தில் இருந்தவர்கள்கூடக் கரண்டியோடு வெளியே வந்து நின்றார்கள். இரண்டு வருடம் முன்பு அவர் காலமானார். துக்கம் கேட்கப் போனபோது மகன் தன் செல்போனை எடுத்துக் காட்டினார். அப்பா வாசிப்பதாக அவரிடம் இருந்தது 40 விநாடி. அதிலும் பாதி யாரோ பேசுகிற சத்தம். "அவ்ளோதான் டீச்சர் இருக்கு. அவருக்கு எத்தனை மெட்டு தெரியும்னு எங்களுக்கே தெரியாது" என்றார். அவருக்குப் பிறகு அந்தச் செட்டில் முகவீணை இல்லை. கீபோர்டு வைத்துக்கொள்கிறார்கள். கீபோர்டு வாசிக்கிற பையன் நன்றாகத்தான் வாசிக்கிறான். ஆனால் அவனுக்குத் தெரியாத மெட்டை அவன் எப்படி வாசிப்பான்?

நம் பக்கத்துத் திருவக்கரையில் கல்மரங்கள் இருக்கின்றன. உங்களைச் சுற்றுலா அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறேன். ஏறக்குறைய 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரம், மண்ணுக்குள் கிடந்து கல்லாகி, வரிவரியாக இன்றும் தெரிகிறது. மரத்துக்கு அப்படி ஒரு வாய்ப்பை மண் கொடுத்தது. மெட்டுக்கு மண் கொடுக்காது. மனிதர்தான் கொடுக்கவேண்டும். நம் திரௌபதி வழிபாட்டையும் பாரதக் கூத்தையும் ஆராய்ந்து ஆல்ஃப் ஹில்டெபெய்டல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் செஞ்சியில் தொடங்கிப் பெரிய புத்தகமே எழுதினார். முதல் தொகுதி வந்தது 1988-இல். அங்கே பிள்ளைகள் வரிசையில் நின்ற அதே வருடம். கதையையும் சடங்கையும் அப்படிப் பலர் எழுதிவைத்திருக்கிறார்கள். நம் ஊர் மேளக்காரர் விரலில் இருக்கிற மெட்டு நம் கையில் இருக்கிறது.

ஆகவே ஒரு வீட்டுப்பாடம். சித்திரை, வைகாசி, ஆடியில் ஊருக்கு வருவீர்கள். கூத்து நடந்தால் வேஷத்தை மட்டும் வீடியோ எடுக்காதீர்கள். பின்பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். மறுநாள் பகலில் மேளக்காரரின் வீட்டுக்குப் போய், உரிய மரியாதையும் சன்மானமும் கொடுத்து, அவர் சம்மதத்தோடு ஒவ்வொரு மெட்டாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். முதலில் மெட்டு யாருக்குரியது, எந்தக் கட்டத்தில் வருவது, யாரிடம் கற்றார் என்று அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். பேரும் தேதியும் போட்டு வையுங்கள். உங்களில் இசை படித்தவர்கள் ஸ்வரம் எழுதுங்கள். கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர்கள், அதை எங்கே பத்திரமாக வைப்பது என்று பாருங்கள். எனக்கு டிராகன் குவெஸ்ட் அனுப்பிய தம்பி, இந்தப் பொறுப்பு உனக்குத்தான்.

சுகியாமா 2021 செப்டம்பர் 30 அன்று 90 வயதில் காலமானார். ஒலிம்பிக் மைதானத்தில் தன் மெட்டு ஒலித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மூன்று குரல் பெட்டிக்காக எழுதியதுதான் அது.

நம் பக்கத்தில் முகவீணை வாசிப்பவர்கள் இன்னும் யார் யார் இருக்கிறார்கள்? ஊரையும், எந்தச் செட் என்பதையும் கீழே எழுதுங்கள். செல்போன் எண்ணைப் பொதுவில் போடவேண்டாம், எனக்குத் தனியாக அனுப்புங்கள். வருகிற பங்குனி முடிவதற்குள் இரண்டு பேரையாவது நேரில் பார்த்துவிடவேண்டும் என்று இருக்கிறேன். வண்டி ஓட்டத் தெரிந்த யாராவது கூட வந்தால் நல்லது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
வானூர்